பச்சோந்தி சாப்பிடாவிட்டால் முதலில் பூச்சியைத் தேடாதீர்கள்

போன வருடம் கத்திரி தொடங்கிய மறுநாள் எங்கள் வீட்டுப் பச்சோந்தி சாப்பிடுவதை நிறுத்தியது. ஏமன் பச்சோந்தி, ஆண், ஒன்றரை வயது, எடை 142 கிராம். அடுத்த 23 நாள் தானாக ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை. எடை 116 கிராமுக்கு இறங்கி, வாலின் அடிப்பகுதியில் எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிற நிலைக்குப் போய்த்தான் மீண்டது. வேலூரில் நாய்க்கோ மாட்டுக்கோ கோழிக்கோ ஒன்றென்றால் கேட்பதற்குத் தெருவுக்கு ஒரு ஆள் உண்டு. பச்சோந்திக்கு யாரிடம் போய்க் கேட்பது? அந்த 23 நாளில் முதல் 12 நாளைத் தவறான இடத்தில் தேடியே தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. இதே நிலையில் இன்னொருவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிடவில்லை என்றதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தீனியை மாற்றினேன். வழக்கமாகக் கொடுத்தது கிரிக்கெட் பூச்சி, நம்மூரில் சுவர்க்கோழி என்போமே அந்த வகை. அது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று டூபியா கரப்பான், சூப்பர் வார்ம், மாவுப்புழு என்று வெளியூரிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். மே மாத வெயிலில் பெட்டி இரண்டு நாள் குடோனில் கிடந்து வந்தால் என்ன ஆகும்? முதல் பெட்டியில் முக்கால்வாசி செத்து நாறியது. இரண்டாவதில் உயிரோடு வந்தவற்றைக் கூண்டுக்குள் விட்டேன், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதில் இன்னொரு தவறும் சேர்ந்தது. தின்னாத பூச்சிகளை ராத்திரி உள்ளேயே விட்டுவிட்டேன். பசித்த கிரிக்கெட் பூச்சி தூங்குகிற பச்சோந்தியின் விரலையும் வாலையும் கடிக்கும். காலையில் பின்னங்கால் விரல் ஒன்றில் சின்னதாகப் புண். அன்றிலிருந்து சாயந்திரம் விளக்கை அணைக்கும் முன் உள்ளே விட்டதை எண்ணி, மீந்ததை எண்ணி வெளியே எடுப்பது வழக்கமாகிவிட்டது. திறந்து விடாமல் வழவழப்பான உயரமான டப்பாவில் போட்டு, கிளைக்குப் பக்கத்தில் கட்டிவிடுவது இன்னும் நல்லது. எத்தனை தின்றது என்ற கணக்கும் கிடைக்கும்.

நன்றாக வளர்ந்த, தெம்பான பச்சோந்தி ஒரு வாரம் பத்து நாள் தின்னாமல் இருந்தால் மட்டும் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடாது. குஞ்சு என்றால் இரண்டு மூன்று நாளே அதிகம். ஆகவே எத்தனை நாள் என்று பார்ப்பதைவிட எடையைப் பாருங்கள். சமையலறையில் மாவு நிறுக்கிற, ஒரு கிராம் வரை காட்டுகிற மெஷின் போதும். அதன்மேல் ஒரு குச்சியை நிறுத்தி முதலில் எடையைச் சுழியாக்கிவிட்டு, பச்சோந்தியைக் குச்சியில் ஏற விடுங்கள், கையால் பிடித்து அமுக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள், அதே நேரத்தில். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். நான் எடை பார்த்ததே ஒன்பதாம் நாள்தான். அதற்குள் 14 கிராம் போயிருந்தது.

இனி வெயில் விஷயம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலூரில் பச்சோந்தியைச் சாகடிப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் முடிவு. இந்த இனத்தின் பூர்வீகம் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு ஓரமும். அரேபியா என்றதும் மணலும் அனலும் நினைவுக்கு வரும். "வேலூர் வெயில் இதுக்கு சாதாரணம் சார்" என்றுதான் எனக்கும் சொல்லி விற்றார்கள். உண்மையில் இது மலைச்சரிவுகளிலும் செடி அடர்ந்த பள்ளத்தாக்குகளிலும் வாழ்கிற விலங்கு. ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடுகிற இடங்கள் அவை. வளர்ந்த ஆணுக்கு வெயில் காய்கிற கிளையில் 29 முதல் 32 டிகிரி போதும், பெண்ணுக்கு 27 முதல் 29. கூண்டின் மற்ற இடங்கள் 22 முதல் 26க்குள் இருந்தால் நல்லது, ராத்திரி அதற்கும் கீழே. எங்கள் வீட்டில் கூண்டு இருந்தது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 34 காட்டியது, கொஞ்சம் அதிகம்தான் என்று விட்டுவிட்டேன். பதின்மூன்றாம் நாள், ஒயர் முனையில் சென்சார் உள்ள தெர்மாமீட்டர் வாங்கி, அது உட்காருகிற அதே கிளையில் கட்டிவைத்துப் பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்கு 44. எனக்குக் கை நடுங்கிவிட்டது. சூடு மேலே ஏறும், பச்சோந்தியும் மேலேதான் போய் உட்காரும், அதற்கு மேலே நான் பல்பையும் எரியவிட்டிருந்தேன்.

உடம்பு சூடு ஏறினால் பச்சோந்தி வெளிறிப்போகும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அதிலேயே உடம்பிலுள்ள நீர் ஆவியாகிவிடும். அந்த நிலையில் வேட்டையாடாது. பூச்சியை மாற்றி மாற்றி வைத்து என்ன பயன்? ஒன்றைக் கவனியுங்கள்: நிழலுக்குக் கொண்டுவந்ததும் கால் மணி நேரத்தில் வாய் மூடிக்கொண்டால் அது சூடு. குளிர்ந்த பிறகும் வாய் திறந்தே இருந்து, கோழை தெரிந்து, மூச்சில் சின்னதாக டிக் டிக் என்று சத்தம் வந்தால் அது நுரையீரல் தொற்று. பின்னதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சூட்டில் வாடியதைக் கண்டதும் பதறிப்போய் ஐஸ் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். நிழல், காற்றோட்டம், அறைச் சூட்டிலுள்ள தண்ணீரை மெல்லத் தெளிப்பது, இவ்வளவுதான்.

நான் செய்த மாற்றம் இது. கூண்டைத் தரைத்தளத்தில் வடக்குப் பார்த்த அறைக்கு இறக்கினேன். வெயில் காய்கிற பல்பை முழுக்க நிறுத்தினேன். கத்திரியில் காலை ஏழு மணிக்கே அறை 29, 30 இருக்கும்போது பல்பு எதற்கு? புற ஊதா டியூப்பை மட்டும் நிறுத்தவில்லை, அது பன்னிரண்டு மணி நேரம் எரிந்தது. ராத்திரிக்கு என்று கடையில் கொடுத்த சிவப்பு பல்பைக் கழற்றிவிட்டேன். ராத்திரி இதற்கு வேண்டியது இருட்டும் குளிர்ச்சியும்தான். ஜன்னலுக்கு வெட்டிவேர் தட்டி கட்டி, பதினொன்றிலிருந்து நான்கு வரை அரை மணிக்கு ஒருமுறை நனைத்தேன். நம் ஊர் வெயில் வறண்ட வெயில், அதனால் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஈரக்காற்று அறைக்குள்ளேயே சுற்றிப் புழுங்கினால் மூச்சுத் தொற்றுக்கு நாமே வழிவிட்டதாகிவிடும். கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் வலைக்கூண்டுக்கு மாறச் சொல்வதும் இதனால்தான். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து எதிரி என்று மிரண்டு சாப்பாட்டை விடுகிற பச்சோந்திகளும் உண்டு. மதிய நேரத்துக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி, கூண்டின் மேல்வலையில் ஒரு ஓரத்தில் வைத்தேன். குளிர்காற்று கீழே இறங்கும், வேண்டுமென்றால் அந்தப் பக்கம் வரும், வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ளும். இவ்வளவும் செய்த பிறகு கிளையில் மதியம் 32ஐத் தாண்டவில்லை.

அடுத்தது தண்ணீர். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரை நம்பி வாழாது, இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கும். எச்சத்தில் பழுப்பும் வெள்ளையுமாக இரண்டு பகுதி இருக்கும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் உடம்பில் நீர் போதும். ஓரத்தில் லேசான மஞ்சள் பரவாயில்லை. முழுக்க மஞ்சளோ ஆரஞ்சோ ஆகிவிட்டால் நீர் வற்றிவிட்டது. எங்களுடையது செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கண் கூம்புகள் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன, பகலிலேயே கண்ணை மூட ஆரம்பித்திருந்தது. பகலில் கண் மூடிய பச்சோந்தி என்றால் அது தூக்கமில்லை, நோய். நான் அதுவரை காலையில் நான்கு முறை ஸ்ப்ரே அடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது இலை நனையத்தான் போதும், குடிக்கப் போதாது. தண்ணீர் விழ ஆரம்பித்து ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் பல பச்சோந்திகள் வாயை அசைக்கவே தொடங்கும்.

மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றுகிற ட்ரிப் செட் மலிவாகக் கிடைக்கும். ஒரு சுத்தமான பாட்டிலைக் கூண்டின் மேல் தொங்கவிட்டு, அந்தக் குழாயை மாட்டி, உருளையைத் திருகி இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் இலைமேல் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒரு தட்டு வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்து உப்பில் இலையெல்லாம் வெள்ளை படிந்து ஸ்ப்ரே வாயும் அடைத்துக்கொள்ளும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். ரொம்ப வாடியிருந்தால் குளியலறை முறை நல்லது: தொட்டியோடு ஒரு செம்பருத்திச் செடியை உள்ளே வைத்து, பச்சோந்தியை அதில் ஏற்றி, ஷவரைச் சுவர் பக்கம் திருப்பி, சுவரில் பட்டுத் தெறிக்கிற சாரல் மட்டும் அதன்மேல் விழும்படி குறைந்தது இருபது நிமிடம். இதை விடியற்காலை ஆறு மணிக்குச் செய்ய வேண்டும். பத்து மணிக்கு மேல் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், புறங்கையில் பார்க்காமல் திறக்கவே கூடாது. மூன்றாவது நாள் சாரலில்தான் அது தலையைத் தூக்கி, தாடையை மெல்ல மென்று மென்று, நாற்பது நிமிடம் விடாமல் குடித்தது. அன்று மாலை எச்சத்தில் வெள்ளை திரும்பியிருந்தது. தொட்டியில் முக்கி வைப்பது, குளிப்பாட்டுவது வேண்டாம், பயத்திலேயே துவண்டுவிடும்.

மருத்துவர் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஒரு கிளினிக்கில் முதல் வாரமே காட்டினேன். பார்த்ததும் வைட்டமின் ஊசி என்றார்கள், போட்டுக்கொண்டும் வந்தேன். அதில் பயன் ஒன்றுமில்லை. ஏ, டி இரண்டும் உடம்பில் தங்கிவிடுகிற வைட்டமின்கள், அளவு மீறினால் அவையே கெடுதல் செய்யும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவர் சென்னையில்தான் கிடைத்தார். காட்பாடியிலிருந்து 130 கிலோமீட்டர், விடியற்காலை ரயில். அட்டைப்பெட்டியின் குறுக்கே ஒரு குச்சியை அசையாமல் பொருத்தி, ஓட்டை போட்டு, அடியில் ஈரத்துணி விரித்து, இருட்டாக மூடிக்கொண்டு போனேன். இருட்டில் இது அமைதியாக இருக்கும். கூடவே எச்சத்தையும் கொண்டுபோக வேண்டும், புதிதாக விழுந்ததை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, காயாமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஒரு நாளுக்குள் கொடுங்கள். உறைய விடாதீர்கள். சோதனையில் குடற்புழு முட்டை தெரிந்தது. தோலுக்கடியில் திரவம் ஏற்றி, உடம்பு நீர் பிடித்த பிறகே புழு மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறு தவணை. இந்த வரிசை முக்கியம். நீர் வற்றிய உடம்பில் மருந்து போனால் சிறுநீரகம் தாங்காது. நாய்க்கான புழு மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற எண்ணமே வேண்டாம். கூண்டு அமைப்பு, டியூப், தெர்மாமீட்டர், பூச்சிமேல் தூவுகிற கால்சியம் பவுடர் டப்பா எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என் மருத்துவர் பாதி நேரம் அதைத்தான் பார்த்தார்.

வாயைத் திறந்து ஊட்டுவது பற்றிப் பலரும் அவசரப்படுகிறார்கள். பால், முட்டை, கஞ்சி, குளுக்கோஸ் எதுவும் பூச்சி தின்கிற உயிருக்கு ஆகாது. உடம்பில் நீர் சேரும் முன் வயிற்றில் தீனி போனால் செரிக்காமல் அழுகும். எங்களுடையதற்கு மருத்துவர் கொடுத்த தீனிப் பவுடரைக் கரைத்து ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் நாளுக்கு ஒருமுறை, ஆறு நாள் ஊட்டினேன். படுக்கவைக்கக் கூடாது, கிளையைப் பிடித்தபடி தலை சற்று மேலே இருக்க வேண்டும். அது கோபத்தில் தானாக வாயைத் திறக்கும், அப்போது வாயின் ஓரத்தில், கன்னத்தை ஒட்டி ஒரு சொட்டு. விழுங்கியதும் அடுத்த சொட்டு. நடு நாக்கின்மேல் பீய்ச்சினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தாடையை நெம்பித் திறப்பதை மருத்துவர் ஒருமுறை செய்து காட்டாமல் நீங்களாகச் செய்யாதீர்கள். எலும்பு வலுவிழந்த பச்சோந்திக்குத் தாடை முறிந்தே போகும்.

சூடும் தண்ணீரும் சரியாகி, புழு மருந்தும் போன பிறகும் அது தானாகத் தின்னவில்லை. அப்போதுதான் பட்டுப்புழு கைகொடுத்தது. இது நம் பக்கத்துக்கு வாய்த்த வரம். திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கம் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிற விவசாயிகள் இருக்கிறார்கள், விஷயத்தைச் சொன்னால் ஒரு கைப்பிடி தருவதற்கு யோசிப்பதில்லை. எனக்குக் கொடுத்தவர், "தம்பி, பல்லிக்கா கேக்குற?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, இலையும் ஒரு கட்டு வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பட்டுப்புழுவில் நீர்ச்சத்து அதிகம், ஓடு இல்லாத மெத்தென்ற உடம்பு, எளிதில் செரிக்கும். மருந்து அடித்த இலையைத் தின்றால் முதலில் சாவது பட்டுப்புழுதான், ஆகவே நன்றாக வளர்கிற புழுவில் பூச்சிமருந்து பயம் குறைவு. ஆனால் தோலுரிக்கிற சமயத்தில் படுக்கையில் சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பவுடரும் தூவுவார்கள். அதனால் வாங்கி வந்து மூன்று நாள் வீட்டில் புது இலை போட்டு, பழைய இலையையும் பவுடரையும் அப்புறப்படுத்திவிட்டுக் கொடுங்கள். அளவு, பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடத் தடிக்காததாக இருக்கட்டும். கடைசிப் பருவத்துப் பெரிய புழு வேண்டாம்.

இருபத்துமூன்றாம் நாள் காலை, ஒரு புழுவை மல்பெரிக் குச்சியின் நுனியில் வைத்து ஓர் அடி தள்ளிப் பிடித்தேன். புழு தலையைத் தூக்கி ஆட்டியது. அதுவரை வெவ்வேறு பக்கம் சுழன்றுகொண்டிருந்த இரண்டு கண்ணும் ஒன்றாக முன்னால் திரும்பி நின்றன. உடம்பு கிளையில் முன்னுக்குச் சாய்ந்தது. உதடு பிரிந்து நாக்கின் நுனி இளஞ்சிவப்பாக ஒரு கடுகளவு வெளியே தெரிந்து, உள்ளே போனது. மறுபடி தெரிந்து மறுபடி உள்ளே போனது. மூன்றாம் முறை டப் என்று ஒரு சத்தம். குச்சி நுனியில் புழு இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தின்ன ஆரம்பித்ததும் அள்ளிப் போடக் கூடாது. முதல் வாரம் நாளுக்கு இரண்டு மூன்று சின்னப் புழு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து பூச்சி. வளர்ந்ததற்கு அதுவே போதும். ஒரே பூச்சியையே மாதக்கணக்கில் கொடுத்தால் வெறுத்துப்போவது உண்மைதான், குறைந்தது மூன்று வகை சுற்றில் இருக்கட்டும். பூச்சிக்கு நாம் போடுகிற தீனிதான் பச்சோந்திக்குப் போய்ச் சேருகிறது. கொடுப்பதற்கு முந்தைய ஒரு நாள் முருங்கைக்கீரை, கேரட், பூசணி, பப்பாளி போட்டு வையுங்கள். பாலக்கீரை வேண்டாம், அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைட்டமின் டி3 சேராத வெறும் கால்சியம் பவுடரை ஒவ்வொரு முறையும் லேசாகப் பூச்சிமேல் தூவ வேண்டும். டி3யும் வைட்டமின் ஏயும் சேர்ந்த பவுடர் மாதம் இரண்டே முறை. நாக்கு குறி தவறுவதும், பாதி நீண்டு தொங்குவதும், கண் வீங்குவதும் வைட்டமின் ஏ குறைவிலும் வரும், கால்சியம் குறைவிலும் வரும். முன்னங்கால் வில்லாக வளைந்தால் எலும்பு கரைகிறது என்று அர்த்தம். டியூப் எரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், புற ஊதாக் கதிர் குறைந்துவிடும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் கிடையாது. காலை ஏழு மணி வாக்கில் வெளியே, பாதி நிழல் இருக்கிற இடத்தில் கால் மணி நேரம் வைத்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

வயல் வெட்டுக்கிளியைப் பிடித்துப் போடாதீர்கள், எந்த வயலில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. துவரை, அவரைப் பூவில் மொய்க்கிற கருப்பும் சிவப்பும் கலந்த கொப்புள வண்டு கடும் விஷம். மின்மினியும் கூடாது. கூண்டில் செம்பருத்தி, மணி பிளான்ட் வைக்கலாம், இந்த இனம் இலையையும் கடிக்கும் என்பதால் அரளியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். பெண் பச்சோந்தி தின்னாமல் தரையைச் சுரண்டிக்கொண்டு திரிந்தால் அது முட்டை. ஆண் சேராமலேயே முட்டை வைக்கும். ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டி வைத்துவிட்டு, அது தோண்டும்போது கண்ணில் படாமல் விலகியிருங்கள். முட்டை வெளியே வராமல் துவண்டால் அன்றைக்கே மருத்துவர்.

இன்னொன்று. நம் வேலிகளிலும் ஜவ்வாது மலைப் பக்கமும் காணப்படுகிற நாட்டுப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம், அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள் 2024ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவும் ரசீதும் இல்லாத விலங்கை வாங்காதீர்கள்.

எனக்கு ஆன செலவு: கூரியர் பூச்சி 2,450, தேவையில்லாத பல்புகள் 1,800, முதல் கிளினிக் 600, சென்னைக்கு இரண்டு நடையும் சோதனையும் மருந்தும் சேர்த்து 5,300, தெர்மாமீட்டர், எடை மெஷின், வெட்டிவேர் தட்டி, பவுடர்கள் 3,150. மொத்தம் 13,300 ரூபாய். இதில் 4,850 முதல் நாளே கிளையில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டியிருந்தால் மிஞ்சியிருக்கும். மறுபடி பழைய எடைக்கு வர ஏழு வாரம் ஆனது. இந்த வருடம் ஏப்ரல் கடைசியிலேயே கூண்டைத் தரைத்தளத்துக்கு இறக்கிவிட்டேன், தட்டியும் கட்டியாகிவிட்டது. இன்று காலை நிறுத்தபோது 149 கிராம்.